கேண்டிடா ஜீனோம் டேட்டாபேஸ்: பினோடைப் டேபுக்காகவே போகலாம்

நோய் உண்டாக்கும் ஈஸ்ட் பற்றி ப்ராஜெக்ட் எடுக்கும் மாணவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் கை காட்டுவது இந்தத் தளத்தைத்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வளர்த்தது, காசு கிடையாது. நோய் தரும் கேண்டிடா ஈஸ்ட் வகைகளில் அல்பிகன்ஸ் மட்டுமல்ல, கிளாப்ரேட்டா, பாராப்சிலோசிஸ், ஆரிஸ் எல்லாம் உண்டு.

மரபணுவின் பெயரை அடித்தால் அதற்கென ஒரு பக்கம் வரும். ஈசிஈ1 (ECE1) அடித்துப் பாருங்கள். இந்த மரபணு தரும் புரதத்தைப் பூஞ்சையே துண்டு துண்டாக வெட்டுகிறது, அதில் 31 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டுதான் கேண்டிடாலைசின், நம் செல் சவ்வில் ஓட்டை போடும் நச்சு. பூஞ்சை இழையாக நீளும்போது இந்த மரபணு ஏகத்துக்கும் வேலை செய்கிறது என்று 90களிலேயே தெரியும், எதற்காக என்பது பிடிபட 2016 ஆனது. அந்தக் கதையைக் கட்டுரை கட்டுரையாக லிட்டரேச்சர் டேபில் தொடரலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பினோடைப் டேப், அதாவது மரபணு மாற்றத்தால் வெளியே தெரியும் விளைவுகளின் பட்டியல். மரபணுவை நீக்கினால் என்ன ஆனது, எந்த ஸ்ட்ரெயினில் (பூஞ்சையின் எந்த உட்வகையில்) நீக்கினார்கள், எந்தக் கட்டுரை, எல்லாம் வரிசையாக இருக்கும். 'வீரியம் (நோய் உண்டாக்கும் திறன்) குறைந்தது' என்ற வரியைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள், பக்கத்தில் ஸ்ட்ரெயின் பெயரையும் பாருங்கள். பழைய ஆய்வுகள் பலவற்றில் ஒரு மரபணுவை நீக்கிவிட்டு அதே இடத்தில் யூரா3 மரபணுவை அடையாளமாகச் செருகுவார்கள். சில இடங்களில் யூரா3 மந்தமாகிவிடும், அது மந்தமானால் எலியில் நோயின் தீவிரமும் குறையும், பழியோ நீக்கிய மரபணு மேல் விழும். புரதத்தை வெட்டும் நொதிகளைத் தரும் சாப் (SAP) மரபணுக்களுக்கு, நோய்க்கு முக்கியக் காரணம் என்று அப்படித்தான் பெரிய பேர் இருந்தது. அப்புறம் 2010இல் சாப்1 முதல் சாப்6 வரை இந்தச் சிக்கல் இல்லாமல் நீக்கி எலியில் பார்த்தபோது, ரத்தம் வழியாகப் பரவும் நோயில் அவற்றின் பங்கு கொஞ்சம்தான் என்று தெரிந்தது. இரண்டு விதமான முடிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்க முடிவதே இந்தத் தளத்தின் பெரிய பலம்.

புதிதாக வருபவர்களுக்குப் பெயர்கள்தான் தலைசுற்றல். பழைய கட்டுரையில் ஓஆர்எஃப்19.3374 (orf19.3374) என்ற வரிசை எண்ணாக இருப்பதும் ஈசிஈ1 என்பதும் ஒன்றே. எதை அடித்தாலும் ஒரே பக்கத்துக்குத்தான் போகும், பயப்பட வேண்டாம்.

நோய் தரும் இன்னொரு ஈஸ்டான கிரிப்டோகாக்கஸ் இங்கே கிடைக்காது. அதன் செல்லைச் சுற்றியுள்ள உறையைக் கட்டும் மரபணுக்களைத் தேடுபவர்கள் பல பூஞ்சைகளுக்கான ஃபங்கிடிபி (FungiDB) தளத்துக்குப் போங்கள்.