ஐசியூவில் அப்பா இருக்கும்போது யாரைக் கேட்பது: குடும்ப டாக்டரையா, ஐசியூ டாக்டரையா, சொந்தக்கார டாக்டரையா?

எண்பதைத் தொடப்போகும் பெரியவர் ஒருவர். இருபது வருடமாகச் சர்க்கரை, சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. நிமோனியா வந்து தனியார் மருத்துவமனையில் சேர்த்து, வெண்டிலேட்டர் வைத்து எட்டு நாள் ஆகிறது. "கழுத்தில் ஓட்டை போட்டு டியூப் வைக்க வேண்டும், டயாலிசிஸும் தேவைப்படலாம். வீட்டில் பேசிவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். மூத்த மகன், தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்குப் போன் போடுகிறார். மகள், அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் சித்தி பையனுக்கு ரிப்போர்ட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இளையவர், ஐசியூ டாக்டர் சொல்வதைக் கேட்டால் போதும் என்கிறார். தமிழ்நாட்டு ஐசியூ வாசல்களில் பழகிப்போன காட்சி இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன சிகிச்சை செய்ய முடியும் என்பதை ஐசியூ டாக்டரிடம் கேளுங்கள். அந்தச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா எப்படி வாழ்வார், அதை அவர் விரும்புவாரா என்று பேசும்போது குடும்ப டாக்டரும் கூட இருக்க வேண்டும். முடிந்தவரை நேரில்.

யாரையும் கேட்கக் கூடாத நேரம்

திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மாரடைப்பிலும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும். "நம்ம டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறோம்" என்று அந்த நேரத்தில் நிற்பது பெரிய ஆபத்து. நல்ல குடும்ப டாக்டராக இருந்தால் "எனக்கு ஏன் போன் பண்றீங்க, முதல்ல கையெழுத்துப் போடுங்க" என்றுதான் சொல்வார். நான் இங்கே ஒப்பிடுவது, முதல் சில நாள் நெருக்கடி தாண்டி, மேற்கொண்டு என்ன என்று யோசிக்க அவகாசம் இருக்கும் முடிவுகளை.

ஐசியூ டாக்டருக்குத் தெரிந்ததும் தெரியாததும்

ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்து நேற்றைவிட இன்று எவ்வளவு ஓடுகிறது, சிறுநீர் எவ்வளவு வந்தது, வெண்டிலேட்டர் எவ்வளவு ஆக்சிஜன் தள்ளுகிறது... இதையெல்லாம் மணிக்கு மணி பார்ப்பவர் அவர். வெளியே இருந்து யாரும் அவருக்கு ஈடாக முடியாது.

ஆனால் அவர் அந்தப் பெரியவரைப் பார்த்ததே மயக்கத்தில் படுத்திருக்கும்போதுதான். பெரிய மருத்துவமனைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதய டாக்டர் வந்து "ஹார்ட் நல்லா இருக்கு" என்கிறார். சிறுநீரக டாக்டர் "கிரியாட்டினின் இறங்கியிருக்கு" என்கிறார். அவரவர் உறுப்புக்கு அவரவர் சொல்வது சரிதான். கேட்கிற குடும்பம் எல்லாம் தேறிவருகிறது என்று நினைத்துக்கொள்கிறது. மனிதர் மறுபடி எழுந்து உட்காருவாரா என்ற கேள்விக்கு மட்டும் பதில் வருவதில்லை, ஷிஃப்ட் வேறு மாறிக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு உதவும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் உருவாகி 2005-ல் வெளிவந்த 'கிளினிக்கல் ஃபிரெயில்டி ஸ்கேல்', அதாவது தளர்ச்சி அளவுகோல். இன்று 1 முதல் 9 வரை மதிப்பிடுகிறார்கள். 1 என்றால் நல்ல திடகாத்திரம். 7 என்றால் குளிப்பது, உடுத்துவது முதல் எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கை வேண்டும். 2020 மார்ச்சில் கோவிட் பரவிக்கொண்டிருந்தபோது, 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தீவிர சிகிச்சையை முடிவுசெய்யும் முன் இதைப் பார்க்கச் சொன்னது, மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு. இதில் முக்கியமானது, இன்றைக்கு எப்படிப் படுத்திருக்கிறார் என்பதை வைத்து மதிப்பெண் போடக் கூடாது. நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு எப்படி இருந்தார் என்று பார்க்க வேண்டும்.

அதை யார் சொல்வது? பிள்ளைகளைக் கேட்டால் "நல்லாத்தான் இருந்தார், நடந்துதான் கார்ல ஏறினார்" என்பார்கள். பாசத்தில் வருவது அது. குடும்ப டாக்டரின் பழைய நோட்டைப் புரட்டினால் வேறு கதை தெரியும். போன வருடம் 62 கிலோ, இந்தத் தீபாவளிக்கு 54. முன்பு தனியாக வருவார், ஆறு மாதமாகப் பேரன் கைத்தாங்கலாகக் கூட்டிவருகிறான். கிளினிக்கின் மூன்று படி ஏறி, உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேசுவார். பாத்ரூமில் இரண்டு தடவை விழுந்திருக்கிறார், வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒருநாள் பிபி பார்க்கும்போது, "என் அண்ணனை மூணு மாசம் மெஷின்ல வெச்சிருந்தாங்க டாக்டர், எனக்கு அந்த மாதிரி வேண்டாம்" என்றும் சொல்லியிருக்கிறார். இதில் ஒரு வரிகூட ஐசியூ கேஸ் ஷீட்டில் இருக்காது. கழுத்தில் டியூப் போடுவதா வேண்டாமா என்ற முடிவுக்கு, அன்றைய எக்ஸ்ரேயைவிட இது கூடுதலாக உதவும் என்று நம்புகிறேன்.

குடும்ப டாக்டர் தவறும் இடங்கள்

நோயாளியைப் பார்க்காமலே "காசு புடுங்கறாங்க, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க" என்று போனில் சொல்லும் டாக்டர்களும் உண்டு. தேறிவந்திருக்கக்கூடிய நிமோனியா அப்படிக் கைவிடப்பட்டுப் போகலாம். ஐசியூ மருத்துவம் வேகமாக மாறிவருகிறது. இருபது வருடம் முன்பு படித்ததை வைத்து வெண்டிலேட்டர் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல அவருக்கு முடியாது, சொல்லவும் கூடாது.

கமிஷன் பிரச்சினையையும் மறைக்க வேண்டியதில்லை. நோயாளியை அனுப்பிவைப்பதற்குப் பணம் வாங்குவதை மருத்துவ கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிகள் தடை செய்கின்றன. நடைமுறையில் அது நின்றுவிடவில்லை. உங்களை அந்த மருத்துவமனைக்கு அனுப்பியதே அவர்தான் என்றால், அவர் கருத்தோடு இன்னொரு கருத்தையும் கேட்பது நல்லது.

சரி, குடும்ப டாக்டரே இல்லாத வீடுகள்? நகரங்களில் இன்று நிறைய. சர்க்கரைக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர் என்று போகிறோம். அப்படியானால் அவர்களில் யார் அப்பாவை அதிக வருடம் பார்த்தாரோ அவரைக் கேளுங்கள். பெரும்பாலும் சர்க்கரை டாக்டராக இருப்பார்.

சொந்தக்கார டாக்டர்

ரிப்போர்ட்டில் இருப்பதை நமக்குப் புரியும்படி சொல்ல இவரைவிட ஆள் கிடையாது. அதற்கு மட்டும் அவரை வைத்துக்கொள்ளலாம். தோல் டாக்டராகவோ கண் டாக்டராகவோ இருந்தால் ஐசியூ விஷயம் அவருக்கும் தூரம்தான். கடைசியாகப் பெரியவரைப் பார்த்தது ஏதோ ஒரு கல்யாணத்தில் இருக்கும். பக்கத்தில் இல்லையே என்ற குற்ற உணர்ச்சியில் "எதையும் விடாமல் செய்யச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிடுவதும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது

மீள வழியில்லாத நோயாளிக்குச் செயற்கை உயிர்காப்பை நிறுத்தவும், அதை முன்கூட்டியே எழுதிவைக்கவும் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கியது. முன்விருப்ப ஆவணத்தில் இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். உயிர்காப்பை நிறுத்தலாமா என்று முடிவுசெய்ய இரண்டு மருத்துவக் குழுக்கள் உண்டு. சிகிச்சை தரும் டாக்டரும் குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் முதல் குழு. அவர்கள் முடிவை இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

குடும்ப டாக்டர் இருந்தால், அந்த ஆவணத்தின் ஒரு பிரதியை அவரிடம் தர வேண்டும் என்றும் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் இரண்டு குழுவிலும் குடும்ப டாக்டர் என்ற முறையில் அவருக்கு இடம் இல்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. ஓட்டு வேண்டாம், அவரை ஒருமுறை விசாரிக்க வேண்டும் என்றாவது இருந்திருக்கலாம்.

அவரை எப்படி உள்ளே கொண்டுவருவது

ஐசியூ டாக்டரிடம் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள், எங்கள் டாக்டரும் வருவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வர முடியாவிட்டால் டாக்டரும் டாக்டரும் போனில் நேராகப் பேசட்டும். நாம் நடுவில் நின்று தகவல் சொன்னால் பாதி மாறிப்போகும். ரிப்போர்ட்டைத் தர மறுத்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்வதை நினைவூட்டுங்கள். அப்புறம், கிளினிக்கை மூடிவிட்டு வருபவருக்கு உரிய ஃபீஸைக் கொடுங்கள்.

வீட்டுக்கே கூட்டிப்போகலாம் என்று முடிவானால், டிஸ்சார்ஜுக்கு முன்பே அவரிடம் மூன்று விஷயம் பேசிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து பார்ப்பாரா? வலிக்கும் மூச்சுமுட்டலுக்கும் மார்ஃபின் தேவைப்பட்டால் எங்கே வாங்குவது? எல்லா மருந்துக்கடையிலும் அது கிடைக்காது. வலிநிவாரண மருத்துவக் குழு பக்கத்தில் இருந்தால் அவர்களோடு அப்போதே சேர்த்துவிடலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் வலிநிவாரணச் சேவை உண்டு. மூன்றாவது, வீட்டில் இறந்தால் காரணத்தைக் குறிப்பிட்டு 4ஏ படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவார்? கடைசி நோயில் கவனித்த டாக்டர்தான் அதைத் தர வேண்டும். இதைப் பேசாமல் வந்த வீடுகள், துக்கத்துக்கு நடுவே விடியற்காலையில் டாக்டர் டாக்டராக அலைகின்றன.