டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ்: ஃபெயில்பேக் வேண்டுமா, வேண்டாமா?

டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ் என்பது பல சர்வர்களில் உள்ள ஒரே ஃபோல்டரின் பிரதிகளை ஒரே முகவரியில் காட்டும் விண்டோஸ் வசதி. அதில் கிளை அலுவலக சர்வர் விழுந்தால் விண்டோஸ் கிளையன்ட் தலைமையகப் பிரதிக்குத் தானாகவே தாவிவிடும். சிக்கல், கிளை சர்வர் மீண்ட பிறகுதான்.

ஃபெயில்பேக் (மீண்ட சர்வருக்குத் தானாகத் திரும்பும் வசதி) இல்லையென்றால், கிளையன்ட் தாவிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ரீபூட் செய்யவேண்டும், அல்லது "டிஎஃப்எஸ்யூட்டில் கேச் ரெஃபரல் ஃப்ளஷ்" கட்டளை கொடுக்கவேண்டும். அதுவரை ஒவ்வொரு எக்செல் ஃபைலும் வேன் (WAN) எனும் தொலைதூர இணைப்பில் ஊர்ந்துதான் வரும். பயனர் "நெட் ஸ்லோ" என்பார். ஃபோல்டர் பிராபர்ட்டீஸில் டிஎஃப்எஸ் டேபைத் திறந்தால் எந்த சர்வர் ஆக்டிவ் என்பது தெரிந்துவிடும்.

ஃபெயில்பேக் இருந்தால் ரெஃபரல் கேச் (எந்த சர்வருக்குப் போகலாம் என்று கிளையன்ட் நினைவில் வைத்திருக்கும் பட்டியல்) புதுப்பிக்கப்படும்போது திரும்பும். உடனே அல்ல: ஃபோல்டர் ரெஃபரலின் இயல்பு ஆயுள் 1800 விநாடி. நேம்ஸ்பேஸ் பிராபர்ட்டீஸில் ரெஃபரல்ஸ் டேபில் ஒரே ஒரு டிக் போதும்.

ஆனால் ரெப்ளிகேஷன் (பிரதிகளை ஒத்திசைப்பது) முடியுமுன் திரும்பினால் பயனர் பழைய பிரதியைத் திருத்துவார். அந்த ஒத்திசைவைச் செய்யும் டிஎஃப்எஸ்ஆரில் கடைசியாக எழுதியவரே வெல்வார். மற்றவரின் உழைப்பு கான்ஃபிளிக்ட் ஃபோல்டருக்குப் போய்விடும். ஆகவே, நீண்ட செயலிழப்பு என்றால் மீண்ட டார்கெட்டை (கிளை சர்வரின் பிரதியை) நேம்ஸ்பேஸில் முடக்கி வைத்து, பேக்லாக் (ஒத்திசையக் காத்திருக்கும் ஃபைல்கள்) பூஜ்யமான பிறகே இயக்குங்கள். படிக்க மட்டுமான ஷேர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, தயங்காமல் டிக் செய்யலாம்.