இடைவேளையை எங்கே விட்டார்கள் பாருங்கள்

டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காஸில் என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைத் தமிழ் டப்பிங்கில் சேலத்தில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். பேர் வேண்டாம். ஒலி அருமை, தமிழ்க் குரல்களும் பரவாயில்லை, ஏசி மட்டும் பாதிப் படத்துக்கு மேல் தூங்கிவிட்டது. (கதை தெரிய வேண்டாம் என்றால் இங்கேயே நிறுத்துங்கள்.)

இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் எனக்கு அரக்கன் அகாசாவோடு நடக்கும் சண்டைதான் படம். முன்பு அரக்க வேட்டைக்காரர் ரெங்கோகுவைக் கொன்றவன், ஹீரோ தஞ்சிரோ அவனை வெட்டட்டும் என்றுதான் சீட் நுனியில் இருந்தேன். அப்புறம் அகாசாவின் பழைய கதை வருகிறது: நோயாளி அப்பாவின் மருந்துக்காகத் திருடிய பையன், அவனைத் திருத்தி எடுத்த குருவையும் கட்டிக்கொள்ள இருந்த கொயுகியையும் பக்கத்துப் பயிற்சிக்கூடத்துக்காரர்கள் கிணற்றில் விஷம் கலந்து கொன்றுவிட, வெறும் கையால் 67 பேரை அடித்தே கொல்கிறான். அப்போது அவன் இன்னும் மனுஷன்தான், அரக்கன் ஆகவே இல்லை! விஷம் வைத்தவர்களும் மனுஷர்கள்தானே. தலை போன பிறகும் எழுந்து நிற்கிறவன் கடைசியில் தன் அடியைத் தன் மேலேயே திருப்பும்போது, முன் வரிசையில் விசிலடித்துக்கொண்டிருந்த பசங்கள்கூட கப்சிப். அதற்காக அவனை மன்னித்துவிட்டேனா என்றால், இல்லை, ரெங்கோகு கண்ணுக்குள்ளேயே நிற்கிறார்.

குறை ஒன்றுதான். சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் பட்டென்று இடைவேளை. பாப்கார்ன் விலைக்கு வெளியே நாலு தட்டுவடை செட் வரும், சாப்பிட்டுவிட்டே உள்ளே போங்கள்.