1,840 டாலர் போய்விட்டது: ஸ்லாட் 'கணிப்பு' ஆப் வாங்காதீர்கள்

நேற்று இரவு இரண்டரை மணிக்கு என் கணக்கு பூஜ்யம் காட்டியது. இன்னும் தூங்கவில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். அடங்கினால் வெட்கம் வந்துவிடும், அப்புறம் எழுத மாட்டேன். போனது 1,840 டாலர். அதில் 340 ஒரு 'கணிப்பு' ஆப்புக்கு, 1,500 அந்த ஆப் விற்ற ஆட்கள் கைகாட்டிய ஆன்லைன் காசினோ தளத்துக்கு. பெயர் சொல்லவில்லை, சொன்னாலும் அடுத்த வாரம் வேறு பெயரில் நிற்பார்கள். மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

'நிச்சய ஜாக்பாட்' விளம்பரத்தைப் பார்த்து விழுந்தவன் இல்லை நான். அப்படி வந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இவர்கள் வந்த வழி வேறு. ஒரு மெசேஜ் குழுவில் தினமும் ஸ்லாட் மெஷின் (பட்டனைத் தட்டினால் படங்கள் சுழன்று நிற்கும் சூதாட்ட மெஷின்) எப்படி வேலை செய்கிறது என்று பாடம் எடுத்தார்கள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பாடம் முக்கால்வாசி உண்மை.

மெஷினுக்குள் ஒரு நிரல் யாரும் ஆடாத நேரத்திலும் விடாமல் எண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். நாம் பட்டனைத் தட்டும் கணத்தில் எந்த எண் சிக்குகிறதோ அதுதான் முடிவு. ரீல், அதாவது படங்கள் ஒட்டிய உருளை, சுழல்வதும் தயங்கித் தயங்கி நிற்பதும் அதற்கப்புறம் காட்டும் வேடிக்கை. அந்த எண்கள் பெரும்பாலும் ஒரு சூத்திரத்திலிருந்து பிறப்பவை. சூத்திரமும் அது இப்போது நிற்கும் இடமும் தெரிந்தால் அடுத்து வருவது தெரியும். இதெல்லாம் சரிதான். உதாரணங்களும் காட்டினார்கள். 1999-இல் ஒரு ஆன்லைன் போக்கர் மென்பொருள் தன் சீட்டு கலைக்கும் முறையை வெளியே சொல்லப்போக, சில மென்பொருள் ஆய்வாளர்கள் அதை உடைத்துவிட்டார்கள். 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வழிகளை எழுத 8 போட்டுப் பின்னால் 67 பூஜ்யம் போட வேண்டும். அந்த நிரலோ நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆனது என்பதை வைத்து ஆரம்பித்ததால், நாளொன்றுக்கு 8 கோடியே 64 லட்சம் அடுக்குகளுக்கு மேல் அதனால் தரவே முடியவில்லை. ஐந்து சீட்டு தெரிந்ததுமே மீதி எல்லாம் அவர்களுக்கு வெளிச்சம். அடுத்து 2014, அமெரிக்காவின் மிசூரி மாநிலம். ரஷ்யக் கும்பல் ஒன்று பழைய ஸ்லாட் மெஷின்களின் சுழற்சிகளைப் போனில் படம்பிடித்து வெளியே அனுப்பும்; கணக்குப் போட்டுத் திரும்பி வரும் தகவலின்படி, தட்ட வேண்டிய தருணத்துக்குக் கால் நொடி முன்னால் போன் அதிரும். நான் தேடிப் பார்த்தேன். இரண்டும் நடந்தவைதான்.

விழுந்த இடம் அதுதான். சொன்ன பத்தில் எட்டைச் சரிபார்த்தேன், எட்டும் உண்மை. மீதி இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த மீதி இரண்டுதான் அவர்களுடைய சரக்கு.

ஒருவன் தனியாகப் பேச வந்தான். வாய் நிறைய 'அண்ணா'. "அவசரம் இல்லண்ணா, முதல்ல எங்க பேலன்ஸ்லயே ஆடிப் பாருங்க" என்றான். அவன் சொன்ன தளத்தில், அவன் போட்டுக்கொடுத்த பணத்தில், ஆப் 'தட்டு' என்று பச்சையாக மின்னியபோதெல்லாம் தட்டினேன். நான்கில் மூன்று ஜெயித்தது. உடனே 340 அனுப்பினேன். தளமும் அவர்களுடையதாகவே இருக்கலாம் என்று அந்த நிமிடம் ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் தலையில் அடித்துக்கொள்கிறேன். தளம் அவர்களுடையது என்றால் அங்கே சூத்திரமும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். ஜெயிக்க வை என்றால் ஜெயிக்க வைக்கும்.

முதலில் 200 போட்டேன், 610 ஆனது. அப்புறம் 500. ஐந்தே நாளில் திரையில் 2,310. சரி, எடுத்துவிடலாம் என்று விண்ணப்பித்தேன். அங்கே ஆரம்பித்தது.

நான் கேட்காமலே 500 டாலர் போனஸ் சேர்த்திருந்தார்களாம். அதை 40 மடங்கு ஆடி முடிக்காமல் ஒரு காசும் வெளியே வராதாம். 40 மடங்கு என்றால் 20,000 டாலருக்குப் பந்தயம் கட்ட வேண்டும். தளத்தில் '96 சதவீதம் திரும்பக் கிடைக்கும்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது நாம் போட்ட பணத்தில் 96 இல்லை, கட்டும் ஒவ்வொரு பந்தயத்திலும் 96. 20,000-க்கு ஆடினால் நேர்மையான மெஷினில்கூடச் சராசரியாக 800 டாலர் காணாமல் போகும், 500 டாலர் போனஸுக்கு. இந்தப் பெருக்கலை இன்று காலைதான் போட்டேன்.

ஆட ஆட இறங்கியது. ஜாக்பாட் படம் வரிசைக்கு ஒரு படி மேலேயோ கீழேயோ வந்து வந்து நின்றது. "ஆப் சொன்ன பிறகு அரை நொடி தாமதமாத் தட்டறீங்கண்ணா, அதான் நூலிழைல தவறுது" என்றான். நம்பினேன்! தப்பு என் விரலில் என்று நினைத்து, பட்டனை வேகமாகத் தட்டிப் பழகினேன். இதை எழுதவே கூசுகிறது.

அந்த 'நூலிழை' எங்கிருந்து வருகிறது தெரியுமா? 1984-இல் டெல்னாஸ் (Inge Telnaes) என்பவர் ஸ்லாட் மெஷின் வடிவமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். கண்ணுக்குத் தெரியும் ரீலில் 22 நிறுத்தங்கள் இருக்கலாம். உள்ளே நிரலில் இருக்கும் மாய ரீலில் 64 எண்கள் வைக்கலாம். ஜாக்பாட் படத்துக்கு ஒரே எண், அதற்கு மேலும் கீழும் இருக்கும் வெற்றிடங்களுக்கு ஐந்தாறு எண்கள். பார்க்கிறவன் 22-ஐ மூன்று தடவை பெருக்கி 10,648-இல் ஒன்று என்று நினைப்பான். உண்மையில் 2,62,144-இல் ஒன்று. ஜாக்பாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது அடிக்கடி நடக்கத்தான் செய்யும், அப்படித்தான் பங்கிட்டிருக்கிறது. இவர்கள் அதையே எடுத்து ஆப் வேலை செய்வதற்குச் சாட்சியாக என்னிடம் விற்றார்கள்.

இன்னும் 800 போட்டேன். இந்த முறை 'லைவ் டேபிள்', அதாவது நிஜச் சீட்டுகளை வைத்து ஆள் நடத்தும் ஆட்டத்தை நேரலையில் பார்த்துப் பந்தயம் கட்டுவது. சீட்டு கலைக்கும் ஷஃப்லர் மெஷினின் வழக்கம் தங்களுக்கு அத்துப்படி என்றார்கள். இதற்கும் ஒரு நிஜமான ஆராய்ச்சியைக் காட்டினார்கள். கணிதப் பேராசிரியர் பெர்சி டயகோனிஸ், கையால் ஏழு தடவையாவது கலைத்தால்தான் கட்டு ஒழுங்காகக் கலையும் என்று 1992-இல் இன்னொருவருடன் சேர்ந்து நிறுவியவர், பத்துத் தட்டு வைத்த ஒரு ஷஃப்லரையும் ஆராய்ந்தார். முழுக்கக் கலைந்த கட்டில் சராசரியாக நாலரைச் சீட்டை ஊகிக்கலாம்; அந்த மெஷின் கலைத்ததில் ஒன்பதரை. அவர்கள் சொல்லாமல் விட்டது: அது தயாரித்த நிறுவனமே சோதித்துப் பார்க்கக் கொடுத்த மெஷின். ஒவ்வொரு சீட்டையும் வரிசையாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனால்தான் அந்த ஊகம் நடக்கும். நான் ஆடிய மேசையிலோ ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளை மெஷினுக்குள்ளேயே திரும்பப் போட்டுக் கலைத்துக்கொண்டே இருந்தார்கள். அதில் எந்த வழக்கத்தைப் பிடிப்பது?

(ஷஃப்லர் மோசடி இல்லாமல் இல்லை. உள்ளே கேமரா வைத்த ஷஃப்லர் ஒன்றை யுஎஸ்பி துளை வழியாக வசப்படுத்தலாம் என்று 2023-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாற்றியமைத்த ஷஃப்லர்களை வைத்துப் போக்கர் ஆட வந்தவர்களை மொட்டையடித்ததாக 2025 அக்டோபரில் நியூயார்க்கில் வழக்கே போட்டிருக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள், அங்கே மெஷின் ஆட்டம் நடத்துகிறவன் கையில் இருந்தது, ஆட வந்தவன் கையில் இல்லை.)

பணம் தீர்ந்ததும் 'அண்ணா' போய் 'சார்' வந்தது. சர்வர் மாறிவிட்டது சார். ஆப்பைப் புதுப்பிக்க வேண்டும் சார், 120 டாலர். தளத்தின் சாட்டில் 'மதிப்பிற்குரிய பயனரே, உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வாக்கியம் பதினொரு தடவை. அடையாள அட்டை கேட்டார்கள், கொடுத்தேன். அட்டையைக் கையில் பிடித்துப் படம் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். பணத்தைவிட இப்போது அந்தப் படம்தான் பயமாக இருக்கிறது. மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றதும் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். 1,840 டாலர்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கண் எரிகிறது. சுருக்கமாக: பட்டன் தட்டும் கணத்தில் பிறக்கும் எண்ணை வெளியிலிருந்து பார்க்கும் ஆப் என்று எவன் விற்றாலும் வாங்காதீர்கள். அது நிஜமாக வேலை செய்தால் அவனே ஆடியிருப்பான். போனஸ் தானாகச் சேர்ந்தால் ஆடுவதற்கு முன்னாலேயே நிராகரியுங்கள். முதல் நாளே சின்னத் தொகையை எடுத்துப் பாருங்கள். இது மட்டும் போதாது, சின்னத் தொகையைத் தூண்டிலாகவே கொடுப்பவர்களும் உண்டு. அடையாள அட்டைப் படம் தராதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புது எண்ணிலிருந்து ஒரு செய்தி. இழந்த காசினோ பணத்தை மீட்டுத் தருவார்களாம், முன்பணம் 250 டாலர். தொகையையும் சரியாகவே போட்டிருக்கிறான்: 'உங்கள் 1,840 டாலர், அண்ணா.'