'ஆடி ஆஃபர்' போர்ட்ரெய்ட் ஷூட்: அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

பாட்டி தாத்தாவை 'ஹெரிட்டேஜ் போர்ட்ரெய்ட்' எடுத்துத் தர்றோம்னு ரீல்ஸ் போட்டுக்கிட்டிருக்கிற ஒரு கோயமுத்தூர் டீம்கிட்ட 32,000 ரூபாய் பேசி, 18,000 அட்வான்ஸ் போட்டோம். கைக்கு வந்தது வாட்ஸ்அப்புல பதினாலு படம். அதுல ஒண்ணுகூட எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) மாதிரி இல்லை. புகார் நடந்துக்கிட்டிருக்கு, அதனால டீம் பேரைப் போடலை. ஆனா இந்த ஏமாத்து எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா எந்தப் பேர்ல வந்தாலும் கண்டுபிடிச்சிரலாம்.

அம்மாயிக்கு எண்பது தாண்டிருச்சு. தாராபுரம் பக்கம் மாமா தோட்டத்துச் சாளையிலதான் இருக்காங்க. இன்னைக்கும் பின்கொசுவம் (மடிப்பு பின்பக்கம் வர்ற மாதிரி) வெச்சுத்தான் சேலை கட்டுவாங்க. ரெண்டு முன்னங்கையிலயும் கோலம் கோலமா பச்சை குத்தியிருக்கும். நான் கேட்டது இவ்வளவுதான்: அவங்க எப்படி இருக்காங்களோ அப்படியே, எங்க கொறங்காட்டுல (மேய்ச்சல் காடு), வெள்வேல மரத்தடியில, காங்கேயம் மாட்டோட ஒரு படம். பெருசா பிரேம் போட்டு ஆசாரத்துல (வீட்டுக் கூடம்) மாட்டணும்.

பேச்செல்லாம் ஃபோன்லயே முடிஞ்சுது. மூட் போர்டுன்னு, படம் எப்படி வரும்னு மாதிரிப் படங்களை அடுக்கி ஒரு பிடிஎஃப் அனுப்பினாங்க, பார்க்க அவ்வளவு அழகு. கான்செப்ட்டுக்கு ஒரு ரேட்டு, ஸ்டைலிங்குக்கு ஒரு ரேட்டு, ப்ராப்ஸுக்கு (படத்துல வெக்கிற சாமான்) ஒரு ரேட்டு. ஆடி மாசம்கிறதால ஆஃபர்னு சொன்னாங்க. அது நியாயமான கணக்குதான், முகூர்த்தம் இல்லாத மாசத்துல கேமராக்காரங்களுக்குச் சோலி கம்மி. ஆனா ஆடியில தாராபுரம், உடுமலை, பல்லடம் பக்கம் காத்து எப்படி அடிக்கும்னு நம்மாளுகளுக்குச் சொல்லித் தரணுமா? பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துக்குத்தானே அங்க அத்தனை காத்தாலை நிக்குது. அதை நான் கேட்டப்ப அவங்க ஸ்டைலிஸ்ட் (சேலை, அலங்காரம் பார்க்கறவங்க) சிரிச்சுட்டு, "ஃபேன் வாடகை மிச்சம் மேடம், சேலை பறக்குற ஷாட் நேச்சுரலா வரும்"னாங்க.

காத்தால அஞ்சரைக்கு வர்றதாப் பேச்சு. ஆடியில சூரியன் கிளம்ப ஆறு மணிக்கு மேல ஆகும், அதுக்கு முன்னாடி ரெடியாயிட்டா அந்த இளவெயில்ல எடுத்துடலாம்னு அவங்களே பிடிஎஃப்ல எழுதியிருந்தாங்க. வந்து எறங்குனது பத்தரைக்கு. மேக்கப், சேலைன்னு முடிஞ்சு கேமராவை வெளிய எடுக்கும்போது பன்னெண்டு. அந்த மாசத்துல உச்சிச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல நிக்கும். கண்ணு குழி ரெண்டும் இருட்டு, மூக்குக்குக் கீழ கருப்பு நிழல். வெள்வேல இலை பொடிசு, அடர்த்தியா நிழல் தராது, அதனால மரத்தடியில நின்னா மூஞ்சி பூரா வெளிச்சப் பொட்டு. இதைச் சரி பண்றோம்னு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற சில்வர் ரிஃப்ளெக்டரை எடுத்து நேரா அம்மாயி கண்ணுக்கு அடிச்சாங்க. கண்புரை ஆபரேஷன் பண்ணுன கண்ணுன்னு ஃபோன்லயே சொல்லியிருந்தேன். தண்ணி தாரை தாரையா ஊத்துது, அந்த டீம் பொண்ணு "பாட்டி, கண்ணைத் தொறங்க, தொறங்க"ன்னுட்டு நிக்குது. மாமா போய் ரிஃப்ளெக்டரைப் புடுங்கித்தான் அது நின்னுச்சு. வயசானவங்களுக்கு வெள்ளைத் தெர்மாக்கோல் அட்டை ஒண்ணு போதும், வெளிச்சம் மெத்துனு வரும்.

சேலை விசயம் அதுக்கும் மேல. பெட்டியைத் தொறந்தா கேரளத்து வெள்ளைக் கசவுச் சேலை, பிளாஸ்டிக் பாசி, ஒட்டுற மூக்குத்தி, குத்துவிளக்கு. 'வில்லேஜ் வின்டேஜ் லுக்'காம். உச்சி வெயில்ல வெள்ளைச் சேலை கட்டுனா மடிப்பு ஒண்ணும் தெரியாம வெளுத்துப் போயிரும்னு ஸ்டைலிங் பண்றவங்களுக்குத் தெரிய வேண்டாமா? பின்கொசுவத்தைப் பார்த்துட்டு, "இது ஃபிரேம்ல மெஸ்ஸியா தெரியும் மேடம்"னு முன்கொசுவம் வெச்சுக் கட்டிவிட்டாங்க. அம்மாயி என்னைப் பார்த்து, "ஏன் அம்மிணி, எனக்கு வேசங்கட்டிக் கூத்துக்கு அனுப்பறீங்களா?"ன்னாங்க. சிரிச்சுட்டுத்தான் கேட்டாங்க. ஆனாலும் அப்புறம் அன்னைக்குப் பூரா அவங்க மூஞ்சியில அந்தச் சிரிப்பு வரவே இல்லை. போர்ட்ரெய்ட்டுல அதைவிட வேற என்னத்தை எடுக்கறது?

ப்ராப்ஸ் லிஸ்ட்டுல 'காங்கேயம் காளை - எங்கள் ஏற்பாடு'ன்னு தெளிவா இருந்துச்சு. காளை வரலை. கடைசியில மாமாவோட பசுவையே ஓட்டிட்டு வந்து நிறுத்துனோம். காத்துல ரிஃப்ளெக்டர் படபடன்னு அடிச்சதுல அது மெரண்டு கயித்தை இழுத்துட்டு ஓடுச்சு. அம்மாயி எட்டடி தள்ளி உக்காந்திருந்ததால தப்பிச்சாங்க. அந்தக் கொம்பைப் பார்த்தவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும்.

மத்தியானம் கேமரா புடிச்ச தம்பி மோர் குடிச்சுக்கிட்டே சொன்னதுதான் முக்கியமான விசயம். அவர் அந்த டீம் ஆளே இல்லை, பல்லடத்துக்காரர். முந்துன நாள் ராத்திரிதான் ஃபோன் பண்ணிக் கூப்பிட்டிருக்காங்க. மூட் போர்டை அவர் கண்ணால பார்த்ததில்லை, யாரை எடுக்கப் போறோம்னும் தெரியாது. அவருக்குப் பேசுன சம்பளம் 4,000. அந்தத் தம்பி மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முன்னாடி தைச்சுக் காட்டுற மாதிரி) அப்ரூவல் ஆகாம எங்க ஃபுளோர்ல யாரும் கட்டிங் போட மாட்டாங்க. இந்த ஃபோட்டோத் தொழில்ல சாம்பிள்னு காட்டுறதே ஊரான் வீட்டுத் துணி. அன்னைக்கு ராத்திரி மூட் போர்டுப் படங்களை ஒவ்வொண்ணா, படத்தை வெச்சே தேடுற கூகுள் லென்ஸ்ல போட்டேன். 'எங்கள் முந்தைய ஷூட்'னு போட்டிருந்த படங்கள்ல பாதி வடநாட்டு ஃபோட்டோகிராஃபர்கள் பக்கத்துல இருக்கு. மத்தவங்க படத்தை ஐடியாவுக்கு மூட் போர்டுல வெக்கிறது எல்லாரும் பண்றதுதான், தப்பில்லை. தன் வேலைன்னு காட்டுறது மோசடி.

மூணு வாரத்துல இருபத்தஞ்சு படம், ஆல்பம்னு சொன்னவங்க தீபாவளி நெருங்கற வரைக்கும் இழுத்துட்டு, மீதிப் பணத்தைப் போட்டாத்தான்னு அடம் புடிச்சு, நாங்க முடியாதுன்னதும் பதினாலை அனுப்புனாங்க. ஆல்பம் இல்லை. அம்மாயி கன்னத்துல ஒரு சுருக்கம்கூட இல்லை. கலரை ரெண்டு மூணு ஷேடு ஏத்தி விட்டிருக்காங்க. சாயங்கால மேகம், செவப்பு வானம்னு பின்னாடி ஒட்டிட்டு, தாடைக்குக் கீழ உச்சிவெயில் நிழலை அப்படியே விட்டிருக்காங்க. கையைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். பச்சையைக் காணோம். கரும்புள்ளியைத் தொடைக்கிற மாதிரி மொத்தமாத் தொடைச்சு, கை வழுவழுன்னு இருக்கு. அம்மாகிட்டக் காட்டுனேன். "யாரு கை இது?"ன்னாங்க.

பிரிண்ட் போடவும் வழியில்லை. வந்த ஃபைல் நீளவாக்குல 1,600 பிக்சல். 12-க்கு 18 இஞ்ச் பிரிண்ட் 300 டிபிஐ-ல (இஞ்சுக்கு 300 புள்ளி) போடணும்னா 5,400 பிக்சல் வேணும். ஒரிஜினல் கேட்டா ரா ஃபைலுக்கு (கேமராவுல பதிஞ்ச, எடிட் பண்ணாத ஃபைல்) இன்னும் 8,000-னாங்க. அட்வான்ஸ்ல ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து வாங்கியிருந்தாங்க, ஆனா பில்லுல ஜிஎஸ்டி நம்பரே இல்லை. அது எழுத்தும் எண்ணுமா பதினஞ்சு இருக்கும், ஜிஎஸ்டி தளத்துல அடிச்சுப் பார்த்தா யாருதுன்னு வந்துரும். பில்லு வாங்குற நிமிசமே பார்த்துருங்க.

இத்தனைக்கும் மேல அம்மாயி படத்தைப் போட்டே 'தீபாவளி ஆஃபர்' விளம்பரம் விட்டாங்க. ஒறம்பரை (சொந்தக்காரர்) ஒருத்தர் ஃபோன் பண்ணி, "அம்மாயி மாடலிங் போறாங்களா?"ன்னு கேட்டுத்தான் எங்களுக்கே தெரியும். எடுக்கச் சொன்னதாலயே படம் உங்களுது ஆகிடாதுன்னு வாதம் பண்ணுனாங்க. 1957-ம் வருசத்துப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம், பிரிவு 17-ஐப் படிங்க. வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும், காசு குடுத்து எடுக்கச் சொன்னவங்கதான் அந்தப் படத்தோட முதல் உரிமையாளர். அதைக் காட்டி எழுதுனதும் விளம்பரம் மறுநாளே காணோம். ஆனா ரா ஃபைலைக் கையில குடுத்தே ஆகணும்னு அந்தப் பிரிவு தனியாச் சொல்லலை. அதை அட்வான்ஸுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்கணும். விளம்பரத்துல போடலாமா வேண்டாமாங்கறதையும் அதே தாள்ல எழுதிருங்க.

ஆல்பத்துல இருக்கிற நல்ல படத்தைப் பார்த்து யாரையும் புடிக்காதீங்க. ஏதாவது ஒரே ஒரு ஷூட்டோட மொத்தப் படத்தையும் காட்டச் சொல்லுங்க, தன் வேலையா இருந்தா தயங்க மாட்டாங்க. பட்டன் அமுக்கப் போறது யாருன்னு பேர் கேட்டு, அவர்கிட்டயே ரெண்டு நிமிசம் பேசுங்க. எந்த மணிக்கு எந்தப் பக்கம் வெயில் விழும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆழியாறு பக்கம் மலையடிவாரத்துல எடுக்கறதா இருந்தா, சூரியன் அஸ்தமன நேரத்துக்கு ரொம்ப முன்னாடியே மலைக்குப் பின்னாடி போயிரும். காலண்டர்ல பார்த்து நேரம் குறிக்கிறவங்க அங்க இருட்டுலதான் நிப்பாங்க. டாப்சிலிப்னு சொன்னா வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் கண்ணுல காட்டச் சொல்லுங்க, அது புலிகள் காப்பகம். மேக்கப் போடுறவங்ககிட்ட 'கலர் ஏத்தக் கூடாது'ன்னும், எடிட் பண்றவங்ககிட்ட 'சுருக்கம், மச்சம், பச்சை எதையும் தொடக்கூடாது'ன்னும் வாட்ஸ்அப்புல எழுதியே அனுப்புங்க. வாயில சொன்னது நிக்காது.

எல்லாரும் இப்படின்னு சொல்ல வரலைங்க. ஐப்பசியில தாராபுரத்து ஸ்டுடியோ அண்ணன் ஒருத்தர் தனியா வந்தாரு. கேமரா, 85 எம்எம் லென்ஸ், ஒரு தெர்மாக்கோல் அட்டை, அவ்வளவுதான். அம்மாயியைத் திண்ணையில உக்கார வெச்சு, மாட்டுக்குத் தீவனம் என்ன விலைன்னு பேசிக்கிட்டே எடுத்து முடிச்சாரு. பச்சை, பின்கொசுவம் எல்லாம் அப்படியே இருக்கு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சுப் புகார் பதிஞ்சதுல 6,000 திரும்பி வந்துச்சு. மீதிக்குத் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டாச்சு. அவங்க கோயமுத்தூர்ல இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். இதே மாதிரி மாட்டுனவங்க வாட்ஸ்அப் பேச்சையும் பணம் போட்ட ரசீதையும் அழிச்சுடாதீங்க, அதுதான் அங்க பேசும்.

மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாசம். அந்த டீம் இப்பவே 'மார்கழிக் கோலம் கான்செப்ட், பாதி விலை'ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. பிடிஎஃப் வந்தா மொதப் பக்கத்தை லென்ஸ்ல போட்டுப் பாருங்க. எங்களுக்கு வந்ததுல இருந்த அதே அட்டைப் படத்தைத்தான் வெச்சிருக்காங்க.