கார் ஓட்டி ஊருக்குப் போனேன்: கொழும்பில் எடுத்த ஒரு தாள்

2023 ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது, யாழ்ப்பாணத்துக்கு நானே கார் ஓட்டிப் போவது என்று லண்டனிலேயே முடிவெடுத்திருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. நினைத்த இடத்தில் நிறுத்தி, இறங்கி, சற்று நடந்துவிட்டுத்தான் அவரால் மறுபடி ஏற முடியும்.

புறப்படுமுன் தபால் அலுவலகத்தில் ஐந்தரைப் பவுண் கட்டி, சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். அது ஒரு சிறு புத்தகம். இலங்கைக்கு வேண்டியது 1949 ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கைக்குரிய புத்தகம். 1968ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குரியது வேறு. நான் எடுத்தது ஒரு வருடத்துக்குச் செல்லும். ஆனால் அது மட்டும் கையில் இருந்தால் போதாது. கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் என்ற வாகன ஓட்டிகள் சங்கம் அதைப் பார்த்து, அங்கீகாரப் பத்திரம் ஒன்று தரவேண்டும்.

கார் வாடகைக்குக் கொடுத்தவரோ, "அதெல்லாம் தேவையில்லை அண்ணை, லண்டன் லைசென்ஸே காணும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. விபத்து என்று ஒன்று நடந்தால், காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது ஓட்டியவரின் அனுமதிப்பத்திரத்தை. அந்த நேரத்தில் திறப்பைத் தந்தவர் பக்கத்தில் நிற்கப் போவதில்லை.

வெள்ளவத்தையிலிருந்து மச்சான் என்னைக் காலிமுகத்திடலுக்கு அருகிலுள்ள சங்கத்துக்குக் கூட்டிப்போனார். 1904இல் தொடங்கிய சங்கம் அது. நாட்டின் பெயர் 1972இல் மாறியபிறகும் அவர்கள் பெயரில் சிலோன் அப்படியே இருக்கிறது. அப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 காரின் முன்பக்கத்தில் இந்தச் சங்கத்தின் சின்னம் இருந்தது. ஞாயிறு காலைகளில் அதைத் துடைத்து மினுக்குவது என் வேலை. பெயர்ப்பலகையைக் கண்டதும் கால் ஒரு கணம் நின்றுவிட்டது.

கருமபீடத்தில் இருந்த பெண்மணி கடவுச்சீட்டு, லண்டன் அனுமதிப்பத்திரம், சர்வதேசப் புத்தகம் மூன்றையும் வரிசையாக வைத்து, பேனா மூடியால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். ஓரிடத்தில் மூடி நின்றது. எங்கள் ஆட்களுக்கு எப்போதும் வரும் பிரச்சினை: அப்பாவின் பெயர் குடும்பப்பெயராகி, லண்டனில் எழுதிய புத்தகத்தில் ஓர் 'எச்' விடுபட்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. கடவுச்சீட்டில் உள்ளபடியே புதிய தாளில் எழுதி, "வீதியில் கேட்டால் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள்" என்றார். அப்பாவின் பெயரை அவ்வளவு பொறுமையாக ஒருவர் எழுத்துக் கூட்டி வாசித்துப் பல காலமாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது.

அங்கத்தவர்களுக்கு நடுவழியில் வாகனம் நின்றால் உதவுவதும், வெளிநாட்டுக்குக் காரைக் கொண்டுபோகும் ஆவணங்கள் தருவதும் அவர்களுடைய மற்றைய வேலைகள். எனக்கு அவை தேவைப்படவில்லை.

வவுனியா தாண்டி ஏ-9 வீதியில் பொலிஸார் மறித்தார்கள். நகரத்துக்கு வெளியே காருக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை. நான் அதற்குள்தான் வந்திருந்தேன். அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார், தாளைப் பார்த்தார், போகச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஓமந்தை வந்தது. ஒருகாலத்தில் இராணுவச் சோதனைச்சாவடியில் பைகளோடு இறங்கி வரிசையில் நின்ற இடம். அம்மா கண்ணாடியை இறக்கி, வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

இது 2023இல் இருந்த நடைமுறை. 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் கருமபீடம் ஒன்றைத் திறந்தார்கள். போகிறவர்கள் அன்றைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உங்கள் பெயரை, கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து, லண்டனிலேயே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.