ஆச்சி, அம்மா, பேத்தி: மூவரும் போய்வந்த முருகன்குறிச்சி பிசியோ

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கிற சின்ன பிசியோதெரபி நிலையம். இரண்டு கட்டில், சுவரில் தொங்கும் ரப்பர் பட்டைகள், கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலி. பெரிய மெஷின்கள் எதுவும் கிடையாது. ஏழு மாதமாக எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் போய்வருகிறோம். நான் 43, மகள் 12, அம்மா 68. மூன்று பேருக்கும் அங்கே சிகிச்சை தரும் பெண் சொன்னது மூன்று விதம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போனது நான். வங்கி கவுன்டரில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் வேலை. கல்லூரியோடு விட்ட ஷட்டிலை, தெருப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்ததும் மறுபடி தொடங்கினேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம். ஒன்பதாம் நாள் வலைக்குப் பக்கத்தில் விழுந்த பந்தை எடுக்கப் பாய்ந்தபோது, கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து கல்லை விட்டு எறிந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. “ஏட்டி, ரெண்டு நாளு எண்ணெய் போட்டு உருவுனா சரியாப் போயிரும்” என்றார் அம்மா. தெரிந்த ஒருவரிடம் போய் உருவினேன். மறுநாள் கால் வீங்கி, கணுக்கால் வரைக்கும் நீலம் பாய்ந்துவிட்டது.

இங்கே வந்தபோது அந்தப் பெண் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி வைத்துக் கெண்டைச் சதையை அமுக்கினார். பாதம் அசைந்தது. “குதிகால் நார் முழுசா அறுந்திருந்தா இது அசையாதுக்கா. சதைதான் கிழிஞ்சிருக்கு, பயப்படாதீங்க” என்றார். அப்புறம் ஒரே கேள்விகள். கடைசியாக எப்போது ஆடினீர்கள்? போன மாதம் வாரத்துக்கு எத்தனை நாள் நடந்தீர்கள்? எந்த ஷூ? எந்தத் தரை? எனக்கு மரியாதை வந்தது அங்கேதான். அடிபட்ட இடத்தை மட்டும் பார்க்காமல், அடிபடுவதற்கு முந்தைய மாதத்தையும் பார்த்தார்.

நாற்பதைத் தாண்டியவர்கள் திரும்ப ஆட வரும்போது, மூச்சு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடுகிறது. சதையை எலும்போடு இணைக்கும் நாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது பலப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று நாம் வேகத்தைக் கூட்டுகிறோம், காலால் அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. சும்மா இருந்துவிட்டு ஒரேயடியாக தினமும் ஆடியதுதான் என் தவறு. ஷூவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நான் போட்டிருந்தது குதிகால் உயர்ந்த ஓட்ட ஷூ. பக்கவாட்டில் சடாரென்று திரும்பும் ஆட்டத்தில் அது கணுக்காலைச் சாய்த்துவிடும். உயரம் குறைந்த, அடிப்பக்கம் பிடிப்புள்ள ஷட்டில் ஷூ வாங்கச் சொன்னார்.

முதல் சில நாள் உருவக் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது. வீக்கம் வடிந்ததும் இரண்டு காலிலும் குதிகாலை உயர்த்தி இறக்குவது, பிறகு ஒற்றைக் காலில், கடைசியில் படி விளிம்பில் நின்று. பத்து வாரம் கழித்துத்தான் கோர்ட்டுக்குப் போனேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஆட்டம், இரண்டு நாள் இந்தக் கால் பயிற்சி. ஆடுவதற்கு முன் நின்ற இடத்தில் இழுத்துப் பிடிப்பதை விட்டுவிட்டு, மெல்ல ஓடி, பக்கவாட்டில் நகர்ந்து, உடம்பைச் சூடாக்குகிறேன்.

மகள் பள்ளி அணியில் கால்பந்து ஆடுகிறாள். முழங்காலுக்குக் கீழே ஒரு புடைப்பு, தொட்டாலே வலி. ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயராம். வளரும் வயதில் எலும்பு இன்னும் முற்றாத இடத்தில் தொடைத்தசையின் நார் பிடித்து இழுக்க இழுக்க வருவது. வளர்ந்து முடியும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். “ஆட்டத்த நிறுத்திராதீங்க” என்று அவர் சொன்னபோது மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆறு நாள் பயிற்சியை மூன்றாக்கினார். குதிப்பதைக் கொஞ்ச நாளைக்குக் குறைத்தார். மறுநாள் காலைக்குள் வலி அடங்கிவிட்டால் அந்த அளவு சரி, அடங்கவில்லை என்றால் குறை என்று அவளுக்கே அளவுகோல் கொடுத்தார்.

‘ஃபிஃபா 11+’ என்ற 20 நிமிட வார்ம்-அப்பையும் சொல்லிக் கொடுத்தார். ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்பது, முழங்கால் உள்ளே சாயாமல் குதித்து இறங்குவது எல்லாம் அதில் உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களை வைத்துச் செய்து, 2008இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தன. முழங்காலின் நடுநார் அறுவது ஒரே ஆட்டத்தில் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் என்பதால் எனக்கு இது பெரிய ஆறுதல். அவர்கள் பி.டி. ஆசிரியையும் இப்போது மொத்த அணியையும் செய்யவைக்கிறார்.

அம்மாவைக் கூட்டிவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. “நான் தெனமும் நாலு ரத வீதியும் சுத்துதேன், எனக்கு எதுக்கு?” என்பார். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி அந்த நடை முப்பது வருஷப் பழக்கம். ஆனால் குறுக்குத்துறைப் படித்துறையில் இரண்டு முறை கால் தடுமாறியிருக்கிறார், சொல்லவே இல்லை. இங்கே அந்த மர நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார்கள். எட்டு. அந்த வயதுப் பெண்களுக்குக் குறைந்தது 11 வர வேண்டும்.

நடை இதயத்துக்கு நல்லது, தொடையின் பலத்துக்கும் தடுமாறாமல் நிற்கும் நிதானத்துக்கும் அது மட்டும் போதாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது நிதானத்துக்கும் பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியில் எழுந்து உட்காருவது, இவ்வளவுதான் வீட்டுப்பாடம். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்பட்டை உள்ள செருப்புக்கு மாறினார். மூன்றாம் மாதம் எண்ணியபோது 12.

குறைகள் இல்லாமல் இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் வரும் இடத்துக்கு லிஃப்ட் இல்லை, ஒரு பக்கக் கைப்பிடியோடு 22 படி. “யம்மா, ஒம் மாடி ஏறி வர்றதே ஒரு பரீட்சை” என்று அம்மா நேரடியாகவே சொல்லிவிட்டார். மாலை ஆறு மணிக்கு மேல் போனால் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பயிற்சித் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. கேட்டதும் அம்மாவுக்குப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள், அதை எல்லோருக்குமே கொடுக்கலாம்.

முதல் முறை 400 ரூபாய், பிறகு ஒவ்வொரு முறைக்கும் 250. என்னை ஆறு முறையோடு போதும் என்று அனுப்பிவிட்டார், மகளை நான்கோடு. போகிறவர்கள் காலை பத்து மணிவாக்கில் போங்கள். ஆடும்போது போடும் ஷூவை ஒரு பையில் கொண்டுபோங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.